தாத்தாவின் பெந்தெகொஸ்தே ஞாயிறு

தாத்தா ஓய்வுபெற்ற பிறகுதான் அவரோடு எங்களுக்கு நெருக்கம் வந்தது. அதற்கு முன்னால் அவர் குடும்பத்துக்குக் கிடைத்ததே குறைவு. திருநெல்வேலித் திருமண்டலத்தில் சேகர குருவாக இருப்பவர்களைச் சில வருஷத்துக்கு ஒருமுறை வேறு சேகரத்துக்கு மாற்றிவிடுவார்கள். குருமனை முற்றத்தில் வைத்த தென்னையில் பாளை வெடிக்கும் நேரத்தில் சாமான் ஏற்ற லாரி வந்து நிற்கும் என்று ஆச்சி சொல்லுவாள். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், அசனப் பண்டிகை என்று மற்ற வீடுகளில் எல்லாரும் கூடியிருக்கும் நாள்களில்தான் அவருக்கு வேலை அதிகம். அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பாவை அதிகமாகப் பார்த்தது பீடத்துக்குப் பக்கத்தில், வெள்ளை அங்கியில்தானாம்.

1980களின் தொடக்கத்தில் அவர் ஓய்வுபெற்று மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்தில், செம்மணல் மேடான தேரியை ஒட்டிய சொந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். அப்போது தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரியவில்லை. எல்லாம் ஒரே நெல்லை மாவட்டம். முழுப்பரீட்சை முடிந்ததும் திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் ரயிலில் ஏறி, குரும்பூரில் இறங்கி, அங்கிருந்து கட்டபொம்மன் பஸ்ஸில் போவோம். பஸ்ஸை விட்டு இறங்கினால் காலடியில் செம்மணல் பொதபொதவென்று உள்வாங்கும். பார்க்கும் திசையெல்லாம் பனை. கருப்பட்டி காயும் வாசனை காற்றோடு வரும்.

ஓய்வு என்றால் ஈஸிசேர், செய்தித்தாள், மதியத் தூக்கம் என்று நான் நினைத்திருந்தேன். தாத்தா வீட்டில் ஈஸிசேர் இருந்தது. பெரும்பாலும் பூனைதான் அதில் படுத்திருக்கும். ஒரு சேகரம் என்றால் ஒரு கோவில் மட்டுமல்ல. சுற்றிலும் உள்ள சின்னச் சின்ன ஊர்ச் சபைகள் எல்லாம் சேர்ந்ததுதான் சேகரம். ஒவ்வொரு சபையிலும் உபதேசியார் இருப்பார். ஞாயிறு ஆராதனையை அவர் நடத்துவார், பிரசங்கம் செய்வார், ஓய்வுநாள் பாடசாலையைப் பார்த்துக்கொள்வார். ஆனால் நற்கருணை கொடுக்க அபிஷேகம் பெற்ற குருவானவர் வேண்டும். ஒரே ஞாயிறு காலையில் ஒரு ஐயர் எத்தனை ஊருக்குத்தான் போக முடியும்? அதனால் சனிக்கிழமை சாயங்காலம் ஏதாவது ஓர் ஊரில் கோவில் வேலைகளைப் பார்க்கும் கோயில்குட்டி சைக்கிளில் வந்து, தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு திண்ணை ஓரத்தில் நிற்பார்.

"தோத்திரம் ஐயரே. நாளைக்கு நம்ம சபைக்கு நீங்கதான் வரணும்னு சேகரத்து ஐயர் சொல்லிவிட்டாவ."

"அவர் கைப்பட எழுதின சீட்டு இருக்கா?"

சீட்டு இருந்தால்தான் தாத்தா சம்மதிப்பார். சொந்தத் தம்பி வீட்டுக் கல்யாணமாக இருந்தாலும் இதே கேள்விதான். பொறுப்பில் இருக்கும் ஐயர் தன்னைவிட முப்பது வயசு இளையவராக இருந்தாலும், அந்தச் சேகரத்தில் அவர் அனுமதியில்லாமல் அங்கியைத் தொடக் கூடாது என்பது அவர் வைத்திருந்த கட்டுப்பாடு.

அப்படி வந்த பல ஞாயிறுகளில் ஒன்று என் மனசில் முழுசாக நிற்கிறது. மே மாதக் கடைசி, பெந்தெகொஸ்தே ஞாயிறு.

விடிய இன்னும் நேரம் இருந்தது. அடுக்களையில் அரிக்கேன் வெளிச்சத்தில் ஆச்சி உட்கார்ந்து ரொட்டியின் ஓரங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். பழுப்பு ஓரத்தை நீக்கிவிட்டு, வெள்ளைப் பகுதியைச் சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சதுரம் சதுரமாக அரிவாள்மணையில் வெட்டினாள். ஒரு துண்டுகூட உதிரக் கூடாது. வெட்டிய ஓரங்கள் எனக்கு. கருப்பட்டிக் காப்பியில் தொட்டுத் தின்னலாம். திராட்சரசமும் ஆச்சியின் கைவேலைதான். கறுப்புத் திராட்சையைப் பிசைந்து, சீனி சேர்த்து, பரணியின் வாயைத் துணியால் கட்டி, அரிசிப் பானைக்குப் பின்னால் இருட்டில் வைத்திருப்பாள். அதிலிருந்து ஒரு சின்னக் குப்பியில் வடித்து, தக்கையை அழுத்தி மூடித் தாத்தாவின் பெட்டிக்குள் வைத்தாள்.

தேய்ந்துபோன தோல் பெட்டி அது. உள்ளே வெல்வெட் துணி விரித்து, அதில் வெள்ளிப் பூச்சுப் பாத்திரம் ஒன்று, சின்னத் தட்டு ஒன்று, கஞ்சி போட்டு மடித்த வெள்ளைத் துணிகள், ஜெபப் புத்தகம். அதன்மேல் அங்கி. அங்கிக்கு மேல் அன்றைக்குரிய நிறத்தில் தோளில் போடும் பட்டை. லெந்து காலத்துக்கு ஊதா, பண்டிகைக்கு வெள்ளை, திரித்துவக் காலத்துக்குப் பச்சை. வருஷத்தில் வெகு சில நாள்களே வெளியே வரும் சிவப்புப் பட்டையைத் தாத்தா அன்றைக்கு எடுத்தார். ஆச்சி அதன் ஓரத்தில் நெருப்பு நாக்குகளை நூலால் தைத்திருந்தாள். மஞ்சள் நூல் அங்கங்கே நைந்திருந்தது.

ராலே சைக்கிளின் பின்னால் நான். என் மடியில் பெட்டி. கோயில்குட்டி வேறொரு சைக்கிளில் முன்னால் போனார். மணல் ஆழமாக இருக்கும் இடங்களில் தாத்தா இறங்கித் தள்ளுவார். என்னை இறங்கச் சொல்ல மாட்டார். பனைகளில் ஏற்கெனவே ஆள்கள் இருந்தார்கள். பனையேறிக்கு ஞாயிறு லீவு கிடையாது. சீவாமல் விட்டால் பாளை காய்ந்துவிடும். அப்புறம் அந்த வருஷம் அந்த மரம் தராது. அதனால் எங்கள் பக்கத்துச் சபைகளில் பனையேறும் பருவமான பனை நாளில் ஆராதனை நேரத்தைப் பனையேறியின் வேலையைப் பார்த்தே வைப்பார்கள். மரத்து உச்சியிலிருந்து குரல் கேட்கும்: "தோத்திரம் ஐயரே! இந்தா இறங்கிட்டேன், வந்துருதேன்!" தாத்தா அண்ணாந்து கையை உயர்த்துவார். இருட்டில் முகம் தெரியாது. ஆனாலும் குரலை வைத்தே பெயர் சொல்லிப் பதில் கொடுப்பார்.

கோவில் சின்னது. சுண்ணாம்புச் சுவர், ஓட்டுக்கூரை, வாசலில் ஒரு வேம்பு, வேம்பில் தொங்கும் மணி. ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள், முன்னால் பாயில் பிள்ளைகள். இரண்டாம் மணி அடித்தபோது, காலையில் மரத்தில் கேட்ட குரல்களெல்லாம் குளித்துத் தலைவாரி வெள்ளைச் சட்டையில் வந்து உட்கார்ந்திருந்தன. கீர்த்தனை பாடும்போது ஆர்மோனியம் கிடையாது, கைத்தாளம் மட்டும்தான். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கிழவி குரலெடுத்துக் கொடுத்தாள். சபை முழுதும் அவள் பின்னால் போனது.

தாத்தாவின் பிரசங்கம் எப்போதும் சிறியது. அன்றைக்கு அவர் சொன்னதை நான் பெரியவளான பிறகு பல தடவை நினைத்திருக்கிறேன். எருசலேமில் ஆவியானவர் இறங்கிய அன்றைக்குச் சீஷர்கள் ஜனங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தங்கள் பாஷையைச் சொல்லித் தரவில்லை. கூடியிருந்த ஒவ்வொருத்தனும் தன் தன் வீட்டுப் பேச்சிலேயே கேட்டான் என்றார். பிறகு பிரசங்க மேடையை விட்டு இறங்கி, பிள்ளைகளின் பாய் ஓரம் வந்து நின்றுகொண்டு சொன்னார்: "அடுத்தவன் வீட்டுப் பேச்சு நமக்குத் தெரியணும்னா, முதல்ல அவன் வீட்டுத் திண்ணையில போய் உக்காரணும். அவன் நம்ம வாசலுக்கு வரட்டும்னு இருக்கக் கூடாது." அவ்வளவுதான். ஆமென் சொல்லிவிட்டுப் பீடத்துக்குப் போய்விட்டார்.

நற்கருணைக்கு முன்னால் சமாதானம் கொடுப்பது எனக்குப் பிடித்த நேரம். எங்களுடைய தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் உருவாயிற்று. 1950இல் அது தனக்கென்று வகுத்துக்கொண்ட நற்கருணை ஆராதனையில் இந்த வழக்கம் இருக்கிறது. குருவானவர் பீடத்திலிருந்து தொடங்குவார். கொடுப்பவரின் வலது உள்ளங்கை வாங்குபவரின் வலது உள்ளங்கையில் பொருந்தும். இருவரும் இடது கையால் மற்றவரின் வலது கையை மூடிக்கொள்வார்கள். வாங்கியவர் திரும்பி அடுத்தவருக்குக் கொடுப்பார். அப்படியே வரிசை வரிசையாகக் கடைசி ஆள்வரைக்கும் போகும். அன்றைக்குப் பாய் வரிசையில் எனக்குக் கொடுத்தது என்னைவிடச் சின்னப் பையன். காலையில் அப்பாவுக்குக் கலயம் தூக்கிவிட்டு வந்த அவன் உள்ளங்கையில் சுண்ணாம்பு இன்னும் இருந்தது. பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தின் உள்ளே தடவும் சுண்ணாம்பு. கையை விட்ட பிறகும் என் விரலில் வெள்ளை ஒட்டியிருந்தது.

ஆராதனை முடிந்ததும் வேம்படியில் ஏலம். சபையார் கொண்டுவந்த முதற்பலன்களைக் கோயில்குட்டி ஒவ்வொன்றாக உயர்த்திக் காட்டினார். முருங்கைக்காய்க் கட்டு, கால் கட்டிய விடைக்கோழி, நுங்குக் குலை, ஓலைக் கொட்டானில் கருப்பட்டி, ஒரு பிள்ளை வளர்த்த கோழியின் முதல் முட்டை. ஒருதரம், இரண்டுதரம் என்று குரல் ஏறியது. அந்த முட்டையைக் கடை விலையைவிடப் பல மடங்கு கூட்டிக் கேட்டு எடுத்தவர், அதைத் திரும்ப அந்தப் பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். பணம் கோவில் கணக்குக்கு. தாத்தாவுக்கென்று ஒருவர் நீட்டிய கவரை அவர் கோயில்குட்டியிடம் கொடுத்து, காணிக்கைப் பையில் போடச் சொன்னார். "எனக்கு பென்ஷன் வருதுவே" என்று அந்த மனிதரின் தோளைத் தட்டினார். உபதேசியார் வீட்டில் இட்லியும் சாம்பாரும் சாப்பிட்டோம்.

அங்கிருந்து ஊர்க் கடைசியில் ஓர் ஓலைவீடு. போன பனை நாளில் மரத்திலிருந்து விழுந்த ஒருவர் அங்கே படுத்திருந்தார். உயிர் தப்பிவிட்டது, இடுப்புக்குக் கீழே அசைவில்லை. கயிற்றுக்கட்டிலுக்குப் பக்கத்தில் பாளை அருவாள் பெட்டி சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை இறக்க அவர் விடவில்லையாம். மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறி ஏறி நெஞ்சில் காய்ப்பு ஏறியிருந்தது. பனஞ்செதிலைப் போலவே இருந்தது அந்தத் தோல். நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாசல் ஓரம் உட்கார்ந்தேன்.

தாத்தா கட்டிலில் உட்காரவில்லை. தரையில் சாணம் மெழுகிய இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். உடனே ஜெபம் செய்யவும் இல்லை. "மேக்கால வரிசையில அந்தக் கோணப்பனை இப்ப எப்படி ஊறுது?" என்று கேட்டார். கட்டிலில் இருந்தவருக்கு முகம் மாறியது. கோணப்பனை, இரட்டைப்பனை, இடிவிழுந்த பனை என்று ஒவ்வொரு மரமாகப் பேச்சு நடந்தது. எந்த மரம் எத்தனை பாளை விட்டிருக்கிறது, யார் இப்போது ஏறுகிறார்கள், அவன் பாளையை ஒழுங்காக இடுக்குகிறானா என்றெல்லாம் அந்த மனிதர் விசாரித்தார். தாத்தாவுக்கு எல்லாவற்றுக்கும் பதில் தெரிந்திருந்தது. தாத்தாவின் அப்பாவும் பனையேறிதான். பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் தாத்தாவும் ஏறியவர். முழங்காலுக்குக் கீழே மரம் ஏறிய தழும்பை அவர் வேட்டி விலகும்போது நான் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுப் பேச்சை அவர் புதிதாகக் கற்கவேண்டியிருக்கவில்லை. ஆனால் அதை மறந்துவிடாமல் வைத்திருந்தாரே, அதுதான் பெரிது.

நெடுநேரம் கழித்துத்தான் பெட்டியைக் கேட்டார். கோவிலிலிருந்து கொண்டுவந்த அப்பத்தையும் ரசத்தையும் வைத்து, ஜெபம் சொல்லி, அவருக்கும் அவர் மனைவிக்கும் கொடுத்தார். தலையைத் தூக்க முடியாதவருக்குக் கழுத்துக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கியபடியே பாத்திரத்தை வாயில் வைத்தார். மீதியைத் தாமே குடித்துவிட்டு, தண்ணீர் ஊற்றிப் பாத்திரத்தைக் கழுவி, அந்தத் தண்ணீரையும் குடித்தார். புறப்படும்போது அந்த அம்மா பனையோலைப் பட்டையில் பதநீர் ஊற்றி, நுங்கை அதற்குள் நழுவவிட்டுக் கொடுத்தார். அவர்கள் வீட்டு மரம் இல்லை. வேறொருவரின் விடிலியில் பதநீர் காய்ச்சுவதற்குக் கூலியாகக் கிடைத்தது. தாத்தா மறுக்கவில்லை. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்து, "இனிப்பா இருக்கு தாயி" என்றார்.

வெயில் ஏறிவிட்டது. அடுத்த ஊரில் தாத்தாவின் தம்பி பேத்திக்கு நிச்சயதார்த்தம். பந்தலில் கறிக்குழம்பு வாசனை. மாப்பிள்ளை வீட்டார் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வேனில் வந்திருந்தார்கள். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் வெற்றிலைத் தட்டு மாற்றுவதற்கு எழுந்தபோது தாத்தா ஒரு நிமிஷம் பொறுக்கச் சொன்னார். பெண்ணை வெளியே கூப்பிட்டார். எல்லார் முன்னாலும் அவளிடம், "தாயி, ஒனக்குச் சம்மதமா? இல்லைன்னா இப்பவே சொல்லு. இங்க யாரும் ஒன்னை ஒண்ணும் சொல்ல மாட்டாவ, நான் இருக்கேன்" என்று கேட்டார். பந்தலில் சத்தம் அடங்கியது. பெண் தலையை நிமிர்த்தி, "சம்மதம் தாத்தா" என்று தெளிவாகச் சொன்னாள். அப்புறம்தான் தட்டு மாறியது. மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை வாசித்து யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று ஊரைக் கேட்கிற சபை, அந்தப் பெண்ணையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா என்பார். தாம் நடத்திய எல்லா நிச்சயத்திலும் அவர் இப்படிக் கேட்டார் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அம்மாவிடமும் கேட்டாராம்.

இலையில் சோறு விழுந்து, குழம்பு ஊற்றிய நேரத்தில் மணிச்சத்தம் வந்தது. ஆராதனை மணி கணகணவென்று தொடர்ந்து அடிக்கும். இது ஒன்று அடித்து, ஓசை முழுதும் அடங்கிய பிறகு அடுத்தது. பந்தலில் எல்லாருடைய கையும் நின்றது. எந்த ஊர் மணி என்று சத்தத்தை வைத்தே சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள். "நம்ம ஊரு" என்றார் தாத்தா. எழுந்து கை கழுவினார். தம்பியின் மருமகள், "பெரியப்பா, ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க" என்று வழியில் நின்றாள். இலையருகே திரும்பிப் போய் நின்றபடியே ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, பெண்ணின் தலையில் கைவைத்து ஆசீர்வதித்துவிட்டு வெளியே வந்தார். மகிழ்ச்சி நடந்த வீட்டை வெறும் வயிற்றோடு விட்டுப் போகக் கூடாது என்று சைக்கிளை எடுக்கும்போது சொன்னார்.

இறந்தது கோவில் தெருவில் இருந்த ஒரு கிழவி. தினமும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைக் கடவுளுக்கென்று தனிக் கலயத்தில் எடுத்துவைத்து, வாரக் கடைசியில் கோவிலில் கொண்டுவந்து கொட்டுகிறவள். மூத்த மகன் பம்பாயில், தந்தி போயிருந்தது. இளைய மகன் மதுரையிலிருந்து வந்துகொண்டிருந்தார். கோடை என்பதால் அன்றைக்கே அடக்கம். சேகர குரு தூரத்து ஊர்ச் சபையில் இருந்தார். தாத்தா அந்த நிலையிலும் ஆள் அனுப்பி, அவர் கையெழுத்து வந்த பிறகுதான் ஏற்பாடுகளுக்குச் சரி என்றார். சிவப்புப் பட்டையை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, ஊதாப் பட்டையை வீட்டிலிருந்து எடுத்துவரச் சொன்னார்.

நான் எடுத்துக்கொண்டு திரும்பும்போது தெருவில் ஆசாரி பெட்டி அடித்துக்கொண்டிருந்தார். பலகையில் கறுப்புத் துணியை இழுத்துக் கட்டி, மேலே வெள்ளை நாடாவால் சிலுவை தைத்தார். ஒவ்வொரு ஆணியையும் பல்லிடுக்கிலிருந்து எடுத்து அடித்தார். உள்ளே தாத்தா பெண்களுக்கு நடுவே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் எதையும் பேசியதாக எனக்கு நினைவில்லை. அழுகிறவர்கள் அழுதார்கள். யாராவது வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டால் அவர்களாக விடும்வரை அப்படியே இருந்தார். மதுரை மகன் பஸ் இறங்கி ஓடிவந்தபோது மணி நாலைத் தாண்டியிருந்தது. குழி தயாராகிவிட்டது என்று சிலர் அவசரப்பட்டார்கள். தாத்தா எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டார். "அவன் அம்மாவைப் பாக்கட்டும். யாரும் உள்ள போகாதீங்க" என்றார். அந்த மகன் தானாக வெளியே வரும்வரை பெட்டியை மூடவில்லை.

கல்லறைத் தோட்டம் தேரிச் சரிவில். மணல் சரிந்துகொண்டே இருக்கும் என்பதால் குழியின் ஓரங்களில் பனைமட்டைகளை அண்டக் கொடுத்திருந்தார்கள். ஜெபங்கள் முடிந்து ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். எனக்கும் தாத்தா ஒரு பிடி எடுத்துத் தந்தார். மேலே சூடாகவும் உள்ளே ஈரமாகவும் இருந்தது. ஜனம் கலைந்து குளிக்கப் போனபோதும் தாத்தா நகரவில்லை. கடைசி மண்வெட்டி மண் விழுந்து, மேடு தட்டிச் சிலுவை நட்ட பிறகு, குழி வெட்டிய இரண்டு பேருடைய கைகளையும் பிடித்து நன்றி சொன்னார். காலையில் கோவிலில் சமாதானம் கொடுத்த அதே மாதிரிதான் அவர்கள் கையையும் தன் இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

குளித்துவிட்டு வந்ததும் ஆச்சி சாப்பாடு போட்டாள். இனிமேல் படுத்துவிடுவார் என்று நினைத்தேன். ஆனால் வேறு வேட்டி மாற்றிக்கொண்டு, "அக்காவைப் பாக்கணும்லா" என்றார். ஆச்சி ஒன்றும் சொல்லாமல் ஒரு தூக்குச்சட்டியில் ரசத்தை ஊற்றி என்னிடம் தந்தாள். ஞாயிறு சாயங்காலம் அக்கா வீடு. அதில் மாற்றமே கிடையாது.

வழியில் பனைகளுக்கு மேலே மெஞ்ஞானபுரம் கோவில் கோபுரம் தெரிந்தது. 192 அடி. வேல்ஸ் தேசத்திலிருந்து வந்த ஜான் தாமஸ் ஐயர் வெறும் மணலாக இருந்த இடத்தில் கிணறு வெட்டி, மரம் நட்டு, அந்தக் கோவிலைக் கட்டி, 1870இல் அங்கேயே இறந்து அங்கேயே அடக்கமானார் என்று தாத்தா சொன்னார். வெள்ளாளன்விளையைத் தாண்டும்போது அசரியா பேராயர் கதை. 1874இல் அந்த ஊரில் பிறந்தவர். அவருடைய அப்பா அங்கே குருவாக இருந்தவர். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியதில் முன்னின்றவர் அசரியா. தெலுங்கு தேசத்துக்குப் போய், அங்குள்ள ஏழை ஜனங்களின் பாஷையைக் கற்றுப் பேசி, 1912இல் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் பேராயரான முதல் இந்தியர் அவர்தான். "அவ்வளவு பெரிய மனுசர் குக்கிராமம் குக்கிராமமா மாட்டுவண்டியில போனாராம். பேராயர்னா அதுதான் வேலை" என்றார். தாத்தா திருமறையூரில் இறையியல் படித்தவர். அந்தக் கல்லூரி 1969இல் இணைப்பில் உருவான மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் சேர்ந்துவிட்டது. அங்கே படித்த புஸ்தகங்களைவிட இந்த ஊர்களின் கதைகளைத்தான் அவர் எங்களுக்கு அதிகமாகச் சொன்னார்.

அக்கா ஆச்சிக்கு எண்பதை ஒட்டிய வயசு. கண் மங்கிவிட்டது. சைக்கிள் சத்தம் கேட்டதுமே, "ஏல தம்பி, வந்துட்டியால?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ஊர் முழுக்க ஐயர் என்று எழுந்து நிற்கும் மனிதரை 'ஏல' என்று கூப்பிட உலகத்தில் மிச்சமிருந்தது அவள் ஒருத்திதான். தாத்தாவுக்கு அம்மா சின்ன வயசிலேயே போய்விட்டாள். அக்காதான் வளர்த்தாள். தம்பி போர்டிங்கில் படிக்கவேண்டும் என்று தன் படிப்பை நிறுத்தி, ஓலைப்பெட்டி முடைந்து சம்பாதித்துக் கொடுத்தாள். அவள் புருஷன் இறந்த அன்று தாத்தா தென்காசிப் பக்கம் ஒரு சேகரத்தில் திடப்படுத்தல் ஆராதனைக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்தார். செய்தி கிடைத்து வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. இதையெல்லாம் பிற்பாடு அம்மா சொல்லித்தான் தெரியும். அக்கா ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. தாத்தாவும் பேசியதில்லை. ஓய்வுபெற்ற பிறகு ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் வந்தார், அவ்வளவுதான்.

தாத்தா ஒரு செம்பில் வெந்நீர் வாங்கி, அக்காவின் பாதங்களை அதில் கொஞ்ச நேரம் ஊறவைத்தார். பிறகு துண்டால் துடைத்து, தன் மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியைச் சரிசெய்து நகம் வெட்ட ஆரம்பித்தார். வயசானவர்களின் கால் நகம் தடித்து மஞ்சளாகிச் சதைக்குள் வளைந்திருக்கும். ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக, வலிக்காமல், பொறுமையாக வெட்டினார். காலையில் பாத்திரத்தைப் பிடித்த அதே விரல்கள். அக்கா ஆச்சி அன்றைக்கு நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். யார் ஓலைவீட்டில் படுத்திருக்கிறார்கள், நிச்சயத்தில் என்ன புடவை, செத்தவளுக்கு மூத்தவன் வந்தானா. தாத்தா ஒவ்வொன்றாகச் சொன்னார். நகம் வெட்டி முடிந்ததும் தேங்காயெண்ணெய் தடவிவிட்டார்.

புறப்படும் முன் ஜெபம். நான் தாத்தாவின் குரலை எதிர்பார்த்துக் கண்ணை மூடினேன். கேட்டது அக்கா ஆச்சியின் குரல். கண்ணைத் திறந்து பார்த்தால், தாத்தா மண்தரையில் முழங்காலில் நின்றிருந்தார். அவள் தடவித் தடவி அவர் வழுக்கைத் தலையில் இரண்டு கைகளையும் வைத்து, தம்பியின் கால்வலிக்காக, அவன் சைக்கிள் விடும் மணல் பாதைக்காக, அவன் இன்றைக்குப் போன ஒவ்வொரு வீட்டுக்காகவும் பெயர் சொல்லி ஜெபித்தாள். அவர் சொன்ன ஒரு பெயரையும் அவள் விடவில்லை.

இரவு வீட்டில் குடும்ப ஜெபம் முடிந்த பிறகு தாத்தா ஒரு நோட்டை எடுத்து எழுதுவார். கோவில் பதிவேடுகள் கோவிலில் இருக்கும். இது அவருடைய சொந்த நோட்டு. நற்கருணை கொடுத்தவர்கள், சம்மதம் சொன்ன பெண், அடக்கம் செய்த கிழவி என்று பெயர்கள் மட்டும். மறுநாள் காலை ஜெபத்தில் அந்தப் பெயர்களை வாசிப்பார். அவர் காலத்துக்குப் பிறகு அம்மா அதை எடுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு ஞாயிறும் கடைசி வரியில் 'அக்கா' என்று எழுதியிருந்தது.

2003இல் எங்கள் ஊர்கள் எல்லாம் தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலத்துக்குப் போய்விட்டன. ஐயர்மார் இப்போது பைக்கிலும் காரிலும் வருகிறார்கள். பனையேறுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், பிள்ளைகள் சென்னையிலும் வளைகுடாவிலும். ஆனாலும் ஊருக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன்: ஏதாவது ஒரு சின்னக் கோவிலில் ஓய்வுபெற்ற ஐயர் ஒருவர் அங்கியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த வீடு எது என்று உபதேசியாரிடம் கேட்டுக்கொண்டிருப்பார். அவர்கள் இல்லாவிட்டால் பல சபைகளுக்கு மாதம் ஒரு நற்கருணைகூடக் கிடைக்காது. இதைச் சபையும் திருமண்டலமும் நன்றியோடு நினைக்கவேண்டும்.

பதவியில் இருந்தவரை தாத்தாவின் தோளில் சேகரத்துக் கணக்கு, பள்ளிக்கூட நிர்வாகம், கமிட்டிக் கூட்டம், கட்டட நிதி எல்லாம் இருந்தன. அறுபதைத் தாண்டி அவையெல்லாம் இறங்கிய பிறகு, குருப்பட்டம் பெற்ற நாளில் அவர் எதற்காக முழங்காலில் நின்றாரோ அந்த வேலை மட்டும் மிச்சமிருந்தது. மனிதர்களின் வீட்டுக்குப் போவது, தரையில் உட்காருவது, அவர்கள் பேச்சில் பேசுவது. அதில் ஊரார் வீடு, உடன்பிறந்தவள் வீடு என்ற வித்தியாசத்தை அவர் வைக்கவில்லை. இரண்டையும் ஒரே நாளில், ஒரே பெட்டியோடும் ஒரே சைக்கிளோடும் செய்து முடித்தார். நலம் விசாரிக்க போனே போதும் என்றாகிவிட்ட இந்த நாளில் என் பிள்ளைகளுக்கு நான் அவரிடமிருந்து எடுத்துக் கொடுக்க விரும்புவது இந்த ஒன்றைத்தான். படுத்திருப்பவரையும், துக்கத்தில் இருப்பவரையும், நம்மை வளர்த்தவரையும் நேரில் போய்ப் பாருங்கள். போனால் அவர்கள் பேசி முடிக்கும்வரை உட்காருங்கள்.